களியோடையில் மிதந்த உறை

நிந்தவூரில் றஊபைவிடப் பயந்த மனிதன் ஒருவன் இருக்கலாம். ஆனால் அந்த ஆள் பயத்தில் இன்னும் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

றஊபுக்கு நாற்பத்தேழு வயது. கல்முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. டொக்டர் எழுதிக் கொடுக்கிற அளவுக்குக் கண்ணாடி வில்லையைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் இறுக்கிக் கொடுப்பது அவன் பாடு. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம், அரசாங்கத்து மண்ணிறக் கடித உறையைக் கண்டாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். றஊபுக்கு வெளிச்சத்தில் நிற்பதும் பேய்தான்.

இப்படிப்பட்டவனுக்கு அல்லாஹ் கொடுத்த ஆசை என்ன தெரியுமா? காட்டுப் பறவைகளைப் படம் பிடிப்பது. கடை பூட்டுகிற வெள்ளிக்கிழமைகளில் விடியச் சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இறக்காமத்துக் குளக்கட்டில்தான் போய் நிற்பான். செங்கால் நாரையும் கூழைக்கடாவும் அவனுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மதிய ஜும்ஆத் தொழுகைக்குள் வீடு திரும்பி, எடுத்ததை மனைவி பஸ்மிலாவுக்குக் காட்டுவான். அவளும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள்.

மற்றவர்கள் படத்துக்கு ஏற்றாற்போலக் கருவி தெரிவார்கள். றஊப் ஒவ்வொரு சாமானையும் தன் பயங்களிடம் சம்மதம் கேட்டுத்தான் தெரிந்தான்.

வாங்கப்போகிற லென்ஸ் குட்டையா நீளமா என்பது முதல் கேள்வி. முந்நூறு மில்லிமீற்றர் லென்ஸ் பாரம் இல்லை, கையில் பிடித்தபடியே எடுக்கலாம், படமும் துல்லியம். ஆனால் குருவிக்குக் கிட்டப் போக வேண்டும். கிட்ட என்றால் நாணல். நாணலுக்குள் என்ன நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? குளத்தடியில் வயல் செய்கிற காலிதீன் ஒருநாள் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "யானை நிக்கிற தெரியா தம்பி. மூச்சுத்தான் கேக்கும். மூச்சுக் கேட்டா ஓடி வேலயில்ல." அன்றோடு முந்நூறின் கதை முடிந்தது. அறுநூறு வரை இழுக்கிற நீள லென்ஸ்தான் வேண்டும், கட்டில் நின்றபடியே எடுத்துவிட்டு வரலாம்.

நீள லென்ஸில் வெள்ளையும் உண்டு, கறுப்பும் உண்டு. வெள்ளை வெயிலில் பளபளக்கும், குருவி பறந்துவிடும். கறுப்பென்றால் குருவி இருக்கும், ஆனால் தூரத்தில் போகிற மனிதன் நின்று பார்ப்பான், தோளில் இவன் வைத்திருப்பது என்னவென்று. குருவி பறந்தால் இன்னொன்று வரும். மனிதன் நின்றால் என்ன வருமென்று சொல்ல முடியாது. ஆனாலும் வெள்ளையின் விலைக்கு எட்ட முடியாமல் கறுப்புக்கே ஒத்துக்கொண்டான். முக்காலியை வேண்டாமென்று விட்டதும் இதனால்தான். நீளப் பையில் மூன்று கால்களைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு றோட்டால் போகிற தைரியம் அவனுக்கு இல்லை. பஸ்மிலா ஒரு துணிப்பை தைத்து, மில்லிலிருந்து கொண்டுவந்த உமியை அதில் அடைத்துக் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் சீற்றில் அதை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அசையாது.

கடைசியாக ஒன்று. கைநடுக்கத்தைத் தானே பிடித்து நிறுத்துகிற வசதி லென்ஸுக்குள் இருக்க வேண்டும். ஏனென்று கேட்கத் தேவையில்லை.

இந்தப் பயமெல்லாம் பிறவிக் குணம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு பயம் அப்படி வந்ததல்ல.

2019 ஏப்ரலில், இலங்கையை உலுக்கிய ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுகளுக்குப் பிறகு, பக்கத்துச் சாய்ந்தமருதில் குண்டுக்காரர் ஒளிந்திருந்த வீடு வெடித்த சத்தம் நிந்தவூர் வரை கேட்டது. அடுத்து வந்த நாட்களில் ஆமியும் பொலிசும் முஸ்லிம் ஊர் ஊராகத் தேடினார்கள். தப்பே செய்யாத சனம் வீட்டிலிருந்த தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூட எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் திரிந்த காலம் அது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் அந்த மாதம் இந்தக் கரையில் இருந்திருக்க மாட்டார். றஊபிடம் அப்போது ஒரு லென்ஸ் இருந்தது. நான்கு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய முதல் லென்ஸ். ஒழுங்கைக்குள் வாகனம் திரும்புகிற சத்தம் கேட்டதும் அலுமாரியைத் திறந்தான், எடுத்தான், பின்வளவுக்கு ஓடினான், கிணற்றுக்குள் போட்டான். பஸ்மிலா அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், போய்விட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த நாரைப் படத்துக்கு முன்னால் ஒருவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். கெமரா இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவே இல்லை.

கிணறு இறைத்தபோது லென்ஸ் கிடைத்தது. உள்ளே சேறு, கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர். அதற்குப் பிறகு கெமராவோடு வந்த குட்டி லென்ஸால்தான் குருவி எடுத்தான். நனைந்தது இன்றைக்கும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. பஸ்மிலா கிழமைக்கொரு தரம் தூசி தட்டுவாள், ஒரு சொல் சொல்லமாட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு, இந்த வருடம், அக்கரைப்பற்றில் ஒருவரிடம் பாவித்த லென்ஸ் விலைக்கு இருக்கிறது என்று றஊப் சொன்னபோதுதான் வாயைத் திறந்தாள்.

"வாங்குங்க. ஆனா இதையும் கிணத்துல போடுறயெண்டா வாங்காதீங்க."

"இனிப் போடமாட்டன்" என்றான் றஊப். சொல்லும்போதே அவனுக்கு நிச்சயமில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் அக்கரைப்பற்றுக்குப் போனான். போகும்போதே ஒன்றைக் கண்டுவைத்துக்கொண்டான்: நிந்தவூரைத் தாண்டி, களியோடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மரநிழலில் இரண்டு பொலிஸ்காரர்கள் வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லென்ஸுக்குச் சொந்தக்காரன் நிரோசன். அறுகம்பையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரரைக் காடு காட்டக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. கனடா போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். றஊப் லென்ஸைக் கையில் வாங்கியதும் பயந்த மனிதன் எங்கோ போய்விட்டான், தொழில்காரன் வந்துவிட்டான். பின்பக்கத்தால் போன் லைட்டை அடித்து முன்பக்கத்தால் பார்த்தான். இந்த உப்புக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சிலந்தி நூல்போலப் படரும். ஒரு நூல்கூட இல்லை. வளையத்தை முன்னும் பின்னும் திருகினான். மணல் அரைகிற சத்தம் இல்லை. கெமராவில் பூட்டி, வேண்டுமென்றே கையை ஆட்டிக்கொண்டு முற்றத்துக் காகத்தைப் பார்த்தான். லென்ஸுக்குள் ஏதோ மெல்ல உறுமியது, காகம் அசையாமல் நின்றது. றஊபுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கைக்குள்ளேயே தைரியமான ஆள் ஒருவனை வைத்துத் தைத்தமாதிரி இருந்தது.

மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்ல, "கட்டி வைங்க தம்பி, தொழுதிட்டு வாறன்" என்று பள்ளிக்குப் போனான். திரும்பி வந்தபோது பை தயாராக இருந்தது. திறந்து பார்க்கவில்லை. அதுதான் பிழை.

ஒலுவிலில் ஆசை தாங்கவில்லை. கடலரிப்புக்குப் போட்டிருந்த கல்வரிசையில் ஆலாப் பறவைகள் கூட்டமாக இருந்தன. இரண்டு படம் எடுத்துப் பார்ப்போமென்று மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பையின் வாயைத் திறந்தான்.

உள்ளே லென்ஸ் இல்லை. அல்லது இருந்தது, ஆனால் கறுப்பாக இல்லை. பச்சை, மண்ணிறம், கறுப்புத் திட்டுத் திட்டாக, ஆமிக்காரனின் கை ஒன்றை மடித்து வைத்ததுபோலக் கிடந்தது. பையை மூடினான். சுற்றிவரப் பார்த்தான். தூரத்தில் ஒருவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். மீண்டும் திறந்தான். அதேதான். காட்டுக்குள் லென்ஸை மறைப்பதற்கென்று செய்த உறை, காலுக்குச் சொக்ஸ் போடுகிற மாதிரித் துண்டுதுண்டாக ஐந்து.

நிரோசனுக்குப் போன் அடித்தான்.

"அது சும்மா தந்தது அண்ணன்!" நிரோசன் சிரித்தான். "வெள்ளைக்காரன் ஒருத்தன் எனக்குக் குடுத்தான். குருவிக்கு ஆள் நிக்கிறதே விளங்காது. மூண்டு வருசமாக் கொண்டு திரியிறன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கல."

றஊப் போனை வைத்தான். நிரோசனின் சட்டையில் ஹோட்டல் பெயர் இருக்கும், பக்கத்தில் வெள்ளைக்காரன் இருப்பான். தன்னிடம் இருப்பது தாடியும், அடையாள அட்டையில் உள்ள பெயரும், இந்தப் பையும்தான். படையினரின் உடுப்பு நிறத்தில் பொதுமக்கள் உடுக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். லென்ஸ் உடுக்கலாமா என்று அவனுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிற ஆளும் அவன் இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பொலிஸ் நிற்கிறது. 

ஐந்தையும் உரித்தான். வியர்த்த கைக்கு அவை கழன்று வர மாட்டோம் என்றன. மணலில் புதைக்கலாமா என்று நினைத்தான். ஒலுவில் கடல் வேரோடு தென்னையையே தூக்கிக்கொண்டு போகிற கடல், புதைத்ததை நாளைக்கே கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு முடிந்துகொண்டு களியோடைப் பாலத்துக்கு வந்தான். முன்னும் பின்னும் வாகனம் இல்லாத ஒரு கணத்தில் பேக்கின் முடிச்சை அவிழ்த்து ஆற்றில் கவிழ்த்தான்.

போன தரம் போட்டது தாழ்ந்தது. ஆகவே இதுவும் தாழும் என்றுதான் நம்பினான். ஆனால் இது முக்குளிப்பவர்களின் உடுப்புச் செய்கிற ரப்பர். ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக, வாத்துக் குஞ்சுகள்போல மிதந்தன. காட்டில் கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று செய்த சாமான், அந்த ஆற்றில் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணாடிக் கடைக் காக்கா! உங்கட சாமான் விழுந்திட்டு!"

அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டது, இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற சீனிமுகம்மது. போன மாதம்தான் கடைக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர். தூரப் பார்வை இல்லையென்று வந்த ஆளுக்கு, இனி அக்கரையில் நிற்கிற கொக்கின் கால்விரலும் தெரியும் என்று சொல்லி அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டதே றஊப்தான். அதைப் போட்டுக்கொண்டு ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, படியேறிப் பாலத்துக்கே கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

"என்ட இல்ல" என்றான் றஊப்.

"உங்கட கையில இரிந்து விழுந்தத நான் கண்டனே காக்கா?"

"என்ட இல்லயெண்டு சொல்றன்!"

சீனிமுகம்மது கையிலிருந்ததைப் பிரட்டிப் பார்த்தார். "அப்ப எனக்கு ஆகும். வலைக் கயிறு கை அறுக்குது" என்று ஒரு துண்டை முன்கையில் ஏற்றிக்கொண்டார். பெரிய துண்டு தேத்தண்ணிப் போத்தலுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. மற்ற மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டார். றஊப் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

மரநிழலில் பொலிஸ்காரர் இருவரும் நின்றார்கள். மூத்தவர் கையை அசைத்தார். போ என்று. நிறுத்தக்கூட இல்லை. அவ்வளவுதான். றஊப் மூச்சு விட்டான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தவன் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால், இருவரும் தங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பாலத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பாலத்தில் சீனிமுகம்மது. கையிலும் தோளிலும் அந்த நிறம்.

றஊப் றோட்டோரத்தில் நிறுத்தினான். இதுவரை வந்த பயங்களெல்லாம் அவனுக்குப் பழக்கமானவை, எங்கே தொடங்கும் எங்கே முடியும் என்று தெரிந்தவை. இது அப்படி இல்லை. வீடு ஐந்து நிமிடம். போகலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பஸ்மிலா லென்ஸைப் பார்ப்பாள், கிணற்றில் போடவில்லை என்று சந்தோசப்படுவாள். அவன் போட்டது லென்ஸை இல்லை, ஒரு மனிதனை என்று அவளுக்குத் தெரியவா போகிறது? அப்படி நினைத்தபோதுதான் குசினி வாசலில் நின்ற அவளுடைய முகம் ஞாபகம் வந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். தைரியம் வந்து திருப்பவில்லை. முன்னால் போவதற்கும் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பாலத்தில் மூத்த பொலிஸ்காரர் ஒரு துண்டைக் கையில் வைத்துப் பிரட்டிக்கொண்டிருந்தார். "மொகக்த மே? கோஹெந்த?" இது என்ன, எங்கேயிருந்து என்று கேட்பது சீனிமுகம்மதுக்கு விளங்கியது. அவர் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். றஊபைக் கண்டதும் காட்டிய கையைக் கீழே போட்டுவிட்டார். அவன் பெயரைச் சொல்லவில்லை.

"மகே, சேர்" என்றான் றஊப். என்னுடையது. குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

பையைத் திறக்கச் சொன்னார்கள். கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வெளியே வந்தபோது இளையவர் ஓரடி பின்னால் போனார். றஊபுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துவிட்டது. "கெமரா... குருல்லோ... குருல்லோ சேர்" என்று குருவியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மூத்தவர் நாடியால் மேலே காட்டினார். மின்சாரக் கம்பியில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று, வாயில் மீனோடு இருந்தது. எடுத்துக் காட்டு என்கிறார்.

உமிப்பை வீட்டில் இருந்தது. இரண்டு கிலோ லென்ஸை வெறுங்கையில் தூக்கினான். கை நடுங்கிய நடுக்கத்தில் கழுத்து வாரின் கொளுக்கி கெமராவில் பட்டுக் கிலுகிலுத்தது. கண்ணை வைத்தான். கம்பி, வானம், தென்னை, கம்பி என்று எல்லாம் ஓடியது. பொத்தானைப் பாதி அழுத்தினான். உள்ளே அந்த உறுமல். மீன்கொத்தி வந்து நின்றது. கலிமாவைச் சொல்லிக்கொண்டு அழுத்தினான்.

மூத்தவர் திரையைக் குனிந்து பார்த்தார். சொண்டில் தொங்கிய நீர்த்துளியும், மீனின் கண்ணும் தெரிந்தன. நீண்ட நேரம் பார்த்தார்.  அடையாள அட்டையை வாங்கி, சின்னக் கொப்பியில் பெயரையும் நம்பரையும் எழுதினார். ஐந்து துண்டையும் எடுத்துக்கொண்டார். இந்த மாதிரிச் சாமான் இனிக் கையில் இருக்கக்கூடாது என்றார். போய்விட்டார்கள்.

சீனிமுகம்மது பாலத்துக் கட்டில் உட்கார்ந்தார். "காக்கா, மொதல்ல ஏன் உங்கட இல்லயெண்டு சொன்ன?"

"பயந்திட்டன்."

"எனக்கும் பயம்தான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "உங்கடதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா நான் அதத் தொட்டிருக்கவே மாட்டன். ஆருடயும் இல்லாத சாமானெண்டுதானே கையில போட்ட."

 அவர் வலையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கும்வரை றஊப் நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

பஸ்மிலாவிடம் எதையும் மறைக்கவில்லை. மீன்கொத்திப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்கட கைதானா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் எடுத்தவன் எப்படி நின்றான் என்று தெரியாது. அது லென்ஸின் கெட்டித்தனம். பொலிஸ்காரர் கொப்பியில் எழுதிய நம்பர் ஒன்று மிச்சம் இருந்தது.  அன்றிரவு இருவருக்கும் அதுதான் நினைப்பு.

மறுநாள் பின்னேரம், அஸருக்குப் பிறகு, பஸ்மிலா அவன் உடுத்துத் தேய்ந்த பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரனை வெட்டி லென்ஸுக்கு உறை தைக்க உட்கார்ந்தாள். சாம்பலும் மண்ணிறமுமாகக் கட்டம் போட்ட சாரன். குருவிக்கும் பயமில்லை, மனிதருக்கும் பயமில்லை, பார்க்கிறவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். லென்ஸ் அவள் மடியில் கிடந்தது.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

றஊப் எழும்பிவிட்டான். அவன் கண் படலைக்குப் போகவில்லை. பின்வளவுக் கிணற்றுக்குப் போனது. பஸ்மிலா அதைக் கண்டாள். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆரெண்டு பாருங்க" என்றாள். "லென்ஸ் என்ட மடியிலதான் இரிக்கி. நான் குடுக்கமாட்டன்."

முன்வாசலுக்கு நடந்தான். அந்தப் பத்தடியை நடப்பதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சிங்களத்தில் சேர்த்துக்கொண்டு போனான். படலைக்கு வெளியே மின்சார மீற்றர் பார்க்கிறவர் நின்றார். வந்தார், மீற்றரை அண்ணாந்து பார்த்து எழுதினார், துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"ஆரு?" என்றாள் பஸ்மிலா.

"கரண்ட் மீற்றர்."

"ம். வந்து இத ஒருக்காப் பிடிங்க. அளவு பாக்கணும்."

றஊப் கீழே உட்கார்ந்து சாரன் துண்டை லென்ஸோடு சேர்த்துப் பிடித்தான். துணியின் ஓரம் காற்றில் அடிபடுவதுபோல ஆடியது, காற்று இல்லை. பஸ்மிலா ஊசியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, கை நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.